பெய்ட்காஸ்டிங் ரீல்: கோளாறு எப்போது தலைகாட்டுகிறது?

ஏரியில் விராலுக்குத் தவளை லூர் (தவளை வடிவப் போலி இரை) வீசுகிறவர்கள் கையிலும், முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் கொடுவா தேடுகிறவர்கள் கையிலும் இப்போது பெய்ட்காஸ்டிங் ரீலைப் (தூண்டில் கழியில் பொருத்தி நரம்பைச் சுற்றும் கருவி) பார்க்க முடிகிறது. ஆசையாக வாங்கி, நாலு வீச்சு வீசிப் பார்த்துவிட்டு, லைன் (தூண்டில் நரம்பு) சிக்கு விழுந்ததும் "ரீல் சரியில்லை" என்று அலமாரியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒதுக்கப்பட்ட ரீல்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பழுதும் இருக்காது. எது பழுது, எது அமைப்பில் இருக்கும் பிசகு, எது வெறும் அழுக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ரீலைத் திறக்கவே வேண்டாம்.

முதலில் அடிப்படை. ஸ்பின்னிங் ரீல் என்ற இன்னொரு வகையில், வீசும்போது ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) அசையாது. லைன் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போகும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்றுதான் லைனை விட வேண்டும். பறக்கிற லூர் லைனை இழுக்கிறது, லைன் ஸ்பூலைச் சுழற்றுகிறது. காற்றின் தடையால் லூரின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஸ்பூலுக்கு அது தெரியாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருப்பதைப் போல அது தன் போக்கில் சுழலும். அந்த நேரத்தில் ஸ்பூல் விடுகிற லைனை வாங்கிக்கொண்டு போக ஆள் இல்லை. லைன் ஸ்பூலின் மேலேயே கிளம்பி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சிக்காகிவிடும். இதைத்தான் பேக்லாஷ் என்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் இதை விரும்புகிறார்கள் என்றால், கட்டைவிரல் ஸ்பூலின் மேலேயே இருப்பதால் லூரை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். தடிமனான லைனைச் சுற்றினாலும் வீச்சு கெடாது. பாசிக்குள் புதைந்த விராலை வெளியே இழுக்கும் வலுவும் இதில் கிடைக்கும்.

இந்த ரீலின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பும் புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பாரிஸ் என்ற ஊரில் இருந்த ஜார்ஜ் ஸ்னைடர் இதன் மூதாதையைச் செய்தார். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரங்களைப் பொருத்தினார். அவர் தொழில் கடிகாரம் செய்வது. 1952இல் சுவீடனிலிருந்து வந்து உலகெங்கும் பேர் வாங்கிய அம்பாசிடர் 5000 ரீலைச் செய்த ஆபு நிறுவனமும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத்தான் தொடங்கியது. மெல்லிய அச்சு, சின்னப் பற்கள், துளி எண்ணெய் என்ற கடிகாரக்காரர்களின் கணக்கு இன்றைய ரீலுக்கும் பொருந்தும். இதில் எண்ணெய் குறைந்து கெடுவதைப் போலவே எண்ணெய் அதிகமாகியும் கெடும்.

இனி கோளாறுக்கு வருவோம். ரீல் மூன்று வேலைகளைச் செய்கிறது: வீசும்போது லைனை விடுகிறது, கைப்பிடியைச் சுற்றும்போது லைனைச் சேர்க்கிறது, மீன் இழுக்கும்போது பிடித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கிறது. ஒவ்வொரு வேலையிலும் ரீலின் வேறு வேறு பாகங்கள் இயங்குகின்றன. ஆகவே கோளாறு எந்த வேலையின்போது தெரிகிறது என்று கவனித்தாலே குற்றவாளி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

வீசும்போது வரும் தொல்லை

தம்ப் பாரை (கட்டைவிரலால் அழுத்தும் பட்டை) அழுத்தியதும் ஸ்பூல் கியரிலிருந்து விடுபடுகிறது. அப்போது வேலையில் இருப்பவை ஸ்பூல், அதன் இரு முனைகளில் இருக்கும் இரண்டு பேரிங்குகள், கைப்பிடிப் பக்கம் இருக்கும் டென்ஷன் நாப், எதிர்ப்பக்கம் இருக்கும் பிரேக் ஆகியவைதான். (சில பழைய வகைகளில், லைனை ஸ்பூலில் பரப்பும் லெவல் வைண்டும் சேர்ந்து ஓடும்.) கியர், டிராக் (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிடி) எதற்கும் இங்கே பங்கில்லை. வீச்சு சரியில்லை என்று கியரைத் திறந்து கிரீஸ் வைப்பது வீண் வேலை.

டென்ஷன் நாப் என்பது ஸ்பூலின் அச்சை முனையிலிருந்து அழுத்துகிற திருகு. டிராக்கைக் கூட்டிக் குறைக்கும் நட்சத்திர வடிவத் திருகான ஸ்டார் டிராக்குக்குப் பக்கத்தில் சின்ன வட்டத் தொப்பியாக இருக்கும். புதியவர்கள் இப்படி வைக்கலாம்: லூரைக் கட்டி, ராடை (தூண்டில் கழியை) நீட்டிப் பிடித்து, தம்ப் பாரை அழுத்துங்கள். லூர் மெதுவாக, நிதானமாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கிச் சிக்கினால் இறுக்குங்கள், இறங்கவே மறுத்தால் தளர்த்துங்கள். கை பழகிய பிறகு, ஸ்பூலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் நாபைத் திருகிவிட்டு, மற்றதைப் பிரேக்குக்கும் கட்டைவிரலுக்கும் விடலாம். லூரின் எடை மாறினால் இந்த அமைப்பும் மாறும். 15 கிராம் லூருக்கு வைத்த அமைப்பிலேயே 8 கிராம் லூரை வீசிவிட்டு ரீலைக் குறை சொல்வது நியாயமில்லை.

பிரேக்கில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. ஒன்று காந்த பிரேக். அலுமினிய ஸ்பூலைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் அது காந்தத்தின் அருகே சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் சுழற்சியை எதிர்க்கிறது. எதுவும் எதிலும் உரசாமலேயே வேகம் குறைகிறது. வெளியே இருக்கும் டயலைத் திருப்பினால் காந்தம் நெருங்கும் அல்லது விலகும். மற்றது மையவிலக்கு பிரேக். ஸ்பூலின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள், வேகமாகச் சுழலும்போது வெளிப்புறம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தின் மேல் உரசும். இதன் பிடி வேகம் கூடும்போது பல மடங்கு கூடும்; வேகம் தணிந்தால் சட்டென்று விட்டுவிடும். அதனால் மையவிலக்கு பிரேக் வீச்சின் தொடக்கத்தை நன்றாக அடக்கும், காந்த பிரேக் கடைசிவரை கூடவே வரும். கட்டைகளில் சிலவற்றை மட்டும் இயக்கத்தில் வைப்பதானால் எதிரெதிராக இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பக்கமாக வைத்தால் ஸ்பூல் சமநிலை இழந்து அதிரும்.

சிக்கு எந்த நேரத்தில் விழுகிறது என்பதையும் பாருங்கள். ராடைச் சுண்டிய உடனேயே விழுந்தால், வீச்சில் வெட்டு இருக்கிறது அல்லது பிரேக் போதவில்லை. பிரேக்கை முக்கால் அளவுக்கு ஏற்றி, ராடின் நுனி வளைந்து நிமிரும்படி ஒரே சீராக வீசுங்கள். நடுவழியில் விழுந்தால் எதிர்க்காற்றா என்று பாருங்கள். காற்று லூரைத் தடுத்துவிடுகிறது, ஸ்பூல் முந்திவிடுகிறது. ஸ்பூலில் லைன் விளிம்புவரை நிறைந்திருந்தாலும் இப்படி ஆகும். விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. இடம் விட்டுச் சுற்றுவது நல்லது. லூர் தண்ணீரைத் தொட்ட பிறகு விழுகிற சிக்குக்கு மருந்து கட்டைவிரல் ஒன்றுதான். லூர் தண்ணீரைத் தொடும் நேரத்தில் ஸ்பூலை விரலால் நிறுத்த வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த ரீலும் இந்த வேலையை முழுதாக உங்களுக்காகச் செய்துவிடாது.

விழுந்த சிக்கை எடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. டிராக்கை இறுக்கி, கிளட்ச் சேர்ந்த (ஸ்பூல் கியரோடு இணைந்த) நிலையில், சிக்கின் மேல் கட்டைவிரலை அழுத்தமாக வைத்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கிளம்பி நிற்கும் வளையங்கள் படியும். பிறகு தம்ப் பாரை அழுத்தி லைனை மெதுவாக வெளியே இழுங்கள். நிற்கிற இடத்தில் மறுபடி இதையே செய்யுங்கள். பெரும்பாலான சிக்கு இதிலேயே அவிழ்ந்துவிடும். ஊசி, கத்தி கொண்டு நோண்டினால் லைனும் ஸ்பூலும் கீறல் விழும். அவிழ்த்த பிறகு அவசரப்பட்டு வீச வேண்டாம். அடியில் ஒரு வளையம் புதைந்து கிடந்தால் அடுத்த வீச்சில் ஸ்பூல் திடீரென்று நின்று, லூர் மட்டும் அறுந்து பறந்துவிடும். நீங்கள் வழக்கமாக வீசுகிற தூரத்துக்கு மேலேயே லைனை வெளியே எடுத்து, மடிப்பு விழுந்த இடம் இருந்தால் வெட்டிவிட்டு, விரலால் பிடித்துக்கொண்டு இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். கற்றுக்கொள்ளும்போது 0.30 முதல் 0.35 மி.மீ. நைலான் நரம்பு போதும். பிரெய்டைவிட (இழைகளைப் பின்னிச் செய்த லைன்) அதில் சிக்கு எடுப்பது சுலபம், விலையும் குறைவு.

அமைப்பு எல்லாம் சரியாக இருந்தும் தூரம் குறைந்தால், அல்லது வீசும்போது கீச்சென்று ஒரு சத்தம் எழுந்தால், ஸ்பூல் பேரிங் காய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. இது உண்மையான பராமரிப்புக் குறை. கீழே வருகிறேன்.

சுற்றி இழுக்கும்போது

கைப்பிடியைச் சுற்றும்போது பெரிய கியர் சின்ன கியரைச் சுழற்றுகிறது. 7.1:1 என்று ரீலில் எழுதியிருந்தால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.1 சுற்று என்று பொருள். இதோடு லைனை இடவலமாகப் பரப்பும் லெவல் வைண்டும் ஓடுகிறது.

கரகரப்புதான் இங்கே முக்கியமான புகார். தம்ப் பாரை அழுத்தி ஸ்பூலை மட்டும் விரலால் சுழற்றிப் பாருங்கள். அப்போது வழுவழுப்பாக ஓடி, கைப்பிடியைச் சுற்றும்போது மட்டும் கரகரத்தால், குறை கியரிலோ லெவல் வைண்டிலோ இருக்கிறது. இரண்டில் லெவல் வைண்டை முதலில் சந்தேகியுங்கள். ரீலின் முகப்பில் குறுக்கும் நெடுக்குமாகத் தடம் வெட்டிய ஒரு தண்டு இருக்கும். அந்தத் தடத்தில் ஒரு சின்ன உலோக நாக்கு ஓடித்தான் லைன் வழிகாட்டியை நகர்த்துகிறது. ஏரி மணலும் பாசியும் லைனோடு வந்து சேருமிடம் இதுதான். பழைய டூத் பிரஷ்ஷால் தடத்தைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டால் பல ரீல்கள் அன்றே பழைய நிலைக்கு வந்துவிடும். வழிகாட்டி ஒரு முனையில் போய் நின்றுகொண்டால் அந்த நாக்கு தேய்ந்திருக்கும். வழிகாட்டியின் அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் அது கையோடு வந்துவிடும். மலிவான பாகம்தான், மாற்றிவிடலாம்.

தம்ப் பார் அழுத்தினால் நிற்காமல் மேலே வந்தாலோ, கைப்பிடியைச் சுற்றியும் திரும்பாமல் கிடந்தாலோ, சின்ன கியரைத் தூக்கி இறக்குகிற பகுதியில் உப்பு படிந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும். வலுக்கட்டாயமாக அழுத்த வேண்டாம். வளைந்துவிட்டால் வேலை பெரிதாகிவிடும்.

மீன் இழுக்கும்போது

பெரிய மீன் கடித்து ஓடும்போது லைன் தாறுமாறாகப் போனால் எல்லோரும் டிராக்கைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் இங்கே மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன. மூன்றும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும்.

பெரிய கியர் வாஷர்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டார் டிராக் அந்தப் பிடியைக் கூட்டும், குறைக்கும். மீன் இழுக்கும்போது அச்சு அசையாமல் நிற்க, கியர் மட்டும் வழுக்கி லைனை விடுகிறது. அச்சு பின்னால் திரும்பாமல் பிடித்துக்கொள்வது ஒருவழி பேரிங். இப்போது சோதித்துப் பாருங்கள். டிராக்கை இறுக்கி, லைனைக் கையில் சுற்றி (பிரெய்டு என்றால் துணியைச் சுற்றிக்கொண்டு, இல்லையேல் கையை அறுத்துவிடும்) பலமாக இழுங்கள். கைப்பிடி பின்னால் சுற்றினால் குற்றம் ஒருவழி பேரிங்கில். கைப்பிடி அசையாமல் ஸ்பூல் சுற்றினால் டிராக் வழுக்குகிறது. ஸ்பூலும் அசையாமல் லைன் மட்டும் மொத்தமாக அதன் மேல் சுற்றிக்கொண்டு வந்தால், பிரெய்டு ஸ்பூலில் பிடிப்பில்லாமல் நழுவுகிறது. ரீலில் ஒரு குறையும் இல்லை. அடியில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டிச் சுற்றினால் தீர்ந்தது.

ஒருவழி பேரிங் நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதற்குள் போன கிரீஸ். உள்ளே இருக்கும் சின்ன உருளைகள் சட்டென்று கவ்வ வேண்டும். கெட்டியான கிரீஸில் அவை ஒட்டிக்கொண்டு தாமதிக்கும். சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் பூசினால் போதும். டிராக் வழுக்கினால் வாஷர்களில் எண்ணெய் இறங்கியிருக்கலாம், அல்லது இறுக்கியபடியே மாதக்கணக்கில் வைத்ததால் அவை நசுங்கியிருக்கலாம். வாஷர்களுக்குச் சாதாரண கிரீஸ் ஆகாது. அதற்கென்று விற்கும் டிராக் கிரீஸ் மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதற்குப் பொதுவான அளவு லைன் தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை. 20 பவுண்டு லைன் சுமார் 9 கிலோ தாங்கும். தொங்கு தராசில் மாட்டி இழுக்கும்போது 2¼ முதல் 3 கிலோவில் லைன் வெளியே வரத் தொடங்க வேண்டும். அடர்ந்த பாசியில் விரால் பிடிக்கிறவர்கள் இதைவிட இறுக்கித்தான் வைப்பார்கள். அங்கே மீனை ஓடவிட்டால் திரும்பக் கிடைக்காது.

கழுவுவதும் எண்ணெயிடுவதும்

உப்பங்கழியிலோ கடலிலோ மீன் பிடித்துவிட்டு வந்த ரீலை அன்றே கழுவ வேண்டும். மறுநாள் என்பது தாமதம். உப்புத் தண்ணீர் காய்ந்து படிகமான பிறகு அதைக் கரைப்பது கடினம். டிராக்கை இறுக்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் வாஷர்களுக்குள் போகாமல் இருக்க இது உதவும். நல்ல தண்ணீரை மென்மையாகத் தெளித்துக் கழுவுங்கள். பைக் கழுவுகிற பிரஷர் பம்பைக் காட்டினால் உப்பையும் மணலையும் உள்ளே அனுப்பியதாகத்தான் ஆகும். கடலோர ஊர்களில் போர்வெல் தண்ணீரே உப்பாக இருப்பதுண்டு. அப்படியானால் குடிதண்ணீரில் கழுவுங்கள், ஒரு சொம்பு போதும். பிரெய்டு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஸ்பூல் உப்பில் ஊறிக்கொண்டிருக்கும், அலுமினியம் வெள்ளை பூத்துவிடும். அதனால் கொஞ்சம் லைனை வெளியே எடுத்துக் கழுவித் துணியால் துடைத்துவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் டிராக்கை முழுதும் தளர்த்தி வையுங்கள்.

எண்ணெய் எங்கே, கிரீஸ் எங்கே என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வேகமாகச் சுழல்வதற்கு எண்ணெய். பல்லோடு பல் உரசுவதற்கு கிரீஸ். ஸ்பூல் பேரிங் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி, லெவல் வைண்ட் தண்டுக்கு ஒரு துளி, கைப்பிடிக் குமிழ்களுக்கு ஒரு துளி. கியர் பற்களில் சின்னத் தூரிகையால் கிரீஸை மெல்லப் பூசினால் போதும். மையவிலக்கு பிரேக்கின் கட்டைகள் உரசுகிற வளையத்தைத் துணியால் துடைத்து அப்படியே விட்டுவிடுங்கள். அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. ரீல் எண்ணெய் கிடைக்கவில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் நல்ல மாற்று. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், நாளானால் பிசின் போல ஒட்டும்.

திறக்க வேண்டி வந்தால்

ஸ்பூல் பேரிங்கைச் சுத்தம் செய்யப் பக்கத் தட்டைத் திறந்தால் போதும். பல ரீல்களில் ஒரு திருகுதான், சிலவற்றில் கையாலேயே திருப்பலாம். ஸ்பூல் வெளியே வரும். ஒரு பேரிங் பக்கத் தட்டில் அல்லது ஸ்பூல் அச்சிலேயே இருக்கும், மற்றது டென்ஷன் நாபுக்குக் கீழே. அந்த நாபுக்குள் கண்ணுக்கே தெரியாத மெல்லிய தகடுகள் ஒட்டியிருக்கும். அவை விழுந்து தொலைந்தால் டென்ஷன் சரியாக நிற்காது. மேஜையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம், கழற்றியதை வரிசையாக இடமிருந்து வலமாக அடுக்குவது: இந்த இரண்டு பழக்கமும் இருந்தால் திரும்பப் பூட்டும்போது கை நடுங்காது. கைப்பிடிப் பக்கம் வரை போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: இடக்கை ரீல்களில் கைப்பிடி நட்டு எதிர்ப்பக்கமாகத் திறக்கலாம். வராவிட்டால் திசையை மாற்றிப் பாருங்கள்.

பேரிங்குகளை மூடி உள்ள சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூழ்கும் அளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்குங்கள். அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. திரவம் கலங்கினால் மாற்றி இன்னொரு முறை. எடுத்து உலர்த்தி, விரலில் வைத்துச் சுழற்றினால் ஓசையோடு நீண்ட நேரம் சுழலும்; எண்ணெய் இல்லாத பேரிங் சத்தம் போடுவது இயல்புதான், ஒரு துளி விட்டதும் அடங்கும். சுத்தம் செய்த பிறகும் தடுக்கித் தடுக்கிச் சுழன்றால் உள்ளே துரு. அதை மாற்றுவதே வழி. உட்துளை, வெளிவட்டம், தடிமன் மூன்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பல ரீல்களில் ஸ்பூல் பேரிங் 3, 10, 4 மி.மீ. என்ற அளவில் இருக்கும்.

பூட்டி முடித்ததும் லைன் சுற்றும் முன்பே சோதித்துவிடுங்கள். கைப்பிடி முன்னால் வழுவழுப்பாகவும், பின்னால் அசையாமலும் இருக்க வேண்டும். தம்ப் பார் அழுத்தினால் நிற்க வேண்டும், கைப்பிடியைச் சுற்றியதும் டக்கென்று எழ வேண்டும். டென்ஷனைத் தளர்த்தி ஸ்பூலைச் சுண்டினால், உரசல் சத்தமில்லாமல் சுழல வேண்டும். ஒரு பக்கம் உரசினால் பக்கத் தட்டு முழுதாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி பொருத்துங்கள். வழிகாட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு முறை போய்த் திரும்பும்வரை கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் லைனை ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்றலாம்.